எங்கள் வயல் தண்ணீர் என்ன நிறம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வயல் வரப்பில் வந்து நின்று, “உங்க கரும்புத் தண்ணிதான்கா எங்க பாரைக் கொல்லுது” என்றபோது, கையில் இருந்த சோகைக் கட்டை அப்படியே அவன் மேல் வீசினேன். உரித்துப்போட்ட காய்ந்த கரும்பிலைதானே, அடிபடாது. ஆனால் அரிக்கும். சட்டையை உதறிக்கொண்டே அவன் போனை எடுத்து நீட்டினான்.

நான் கடற்கரையில் பிறந்து கரும்புக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது புதுப்பட்டினம் குப்பம். கட்டிக்கொண்டது பாலாற்றங்கரையில் நாலு ஏக்கர் கரும்பு வைத்திருப்பவரை. காதல் கல்யாணம்தான். ஸ்கூட்டரில் இருபது நிமிஷத்தில் போய்ச் சேரும் இரண்டு ஊர்கள், ஆனால் இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்ள ஐந்து வருஷம் பிடித்தது. வாரம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வயல். அப்பா அம்மா போனபிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது தம்பி மட்டும்தான்.

அவன் பிழைப்பு கொஞ்சம் வித்தியாசமானது. கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டை எங்கள் ஆட்கள் பார் என்பார்கள். மீன் அங்கேதான் அடையும். வலை போட்டுக்கொண்டிருந்தவன், சிலிண்டர் கட்டிக்கொண்டு மூழ்கக் கற்றுக்கொண்டு, சனி ஞாயிறில் கேளம்பாக்கம் பக்கத்து ஐடி பிள்ளைகளைப் படகில் ஏற்றி அந்தப் பாருக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறான். ராமேஸ்வரம் பக்கம் இருக்கிற மாதிரி பெரிய பவளத்திட்டு எங்கள் கடலில் கிடையாது. பார் மேல் அங்கங்கே, தோசைக்கல் அகலத்துக்கு ஒன்று, தாம்பாளம் அகலத்துக்கு ஒன்று என்று ஒட்டிக்கொண்டிருக்கும். இருப்பதே அவ்வளவுதான் என்பதால் அவன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் சொல்வான்.

போனில் அவன் காட்டிய படத்தில் பவளமே தெரியவில்லை. பச்சை முடி முளைத்த மாதிரி பாசி எல்லாவற்றையும் மூடியிருந்தது. போன பருவத்தில் மூழ்க வந்த ஒருவர் கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்பவராம். வயலில் போடும் உரம் மழைத் தண்ணீரோடு கடலுக்கு வந்தால் பாசிக்கு விருந்து, பாசி ஒரே மாதத்தில் தழைத்துவிடும், பவளம் வருஷத்துக்கு ஒரு நகம் அளவுதான் வளரும், அதற்குள் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நான் விடுவேனா? பாலாறு எத்தனை ஊர் அழுக்கைச் சுமந்துகொண்டு வருகிறது, அதெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியவில்லை, அக்காள் வயல்தான் தெரிந்ததா என்று கிழிகிழியென்று கிழித்தேன். என் வீட்டுக்காரர் மெல்ல நழுவினார். இந்த மாதிரி நேரங்களில் மோட்டார் ரூமில் அவருக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும்.

தம்பி வரப்பில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான். “அது மீனுங்க வூடுக்கா. பவளம் பூட்ச்சின்னா மீனு எங்க தங்கும்? காலி பாரைப் பாக்க எவன் வருவான்? மழ முடிஞ்சி தண்ணி தெளியற அடுத்த மாசி வரிக்கும் பாக்கறேன். எறங்கிப் பாப்பேன். அப்பவும் இதே பச்சையா கீதுன்னா, பஹ்ரைன் போட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு பூடுவேன்.”

பஹ்ரைனில் மீன்பிடிப் படகுக்கு ஆள் எடுக்கிறார்கள், அவன் மனைவி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவன் போனால் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலூரில் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். குப்பத்து வீட்டுக்குப் பூட்டு. தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்துத் தர ஒரு வாசல் இருக்காது. கரையில் என்னைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், எனக்கென்று யாரும் இருக்கமாட்டார்கள். அதற்குக் காரணம் என் வயலா? இல்லவே இல்லை என்று நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

எங்கள் பக்கத்தில் கரும்புக்கு உரம் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜூலையில் வெட்டு முடியும். வெட்டின கட்டை மறுபடி துளிர்க்கும். ஆகஸ்டில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை யூரியா. இதில் கூத்து என்னவென்றால், எல்லார் கையிலும் இப்போது போன், எல்லார் போனிலும் வானிலை. நாளைக்கு மழை என்று வந்தால் ஊரே உரக்கடையில் நிற்கும். ஏன் என்றால் உரம் போட்டால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், மழை பெய்தால் அந்த வேலை மிச்சம். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்துவிட்டால் புதுப்பட்டினம் கடைத்தெருவில் உரக்கடை பாய்க்கு நாஸ்தா சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது. எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், கைகையாக அள்ளி விசிறுவோம், மேகத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருவோம். மழை கொட்டினால் எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இதைவிட ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்தவள் நானே. பிரித்த யூரியா மூட்டையைக் கடற்காற்று அடிக்கிற ஊரில் வைக்க முடியாது. வேர்த்துவிடும், கல்லாகிவிடும், பிறகு ஒழுகும். கல்யாணமான புதிதில் ஒரு பாதி மூட்டை எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் ஒழுகி அரிசி மூட்டைக்கு அடியில் போய்விட்டது. நான் ஆடின ஆட்டத்தில், பிரித்த மூட்டை இனி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டேன். அன்றிலிருந்து மிஞ்சியதைக் கடைமடையில், அதாவது வயலின் கடைசி மூலையில், கொட்டிவிடுவார்கள். கடைசி வரிசைக் கரும்புதானே எப்போதும் வெளுத்து நிற்கிறது, அது சாப்பிட்டுப் போகட்டும் என்று எல்லோருக்கும் திருப்தி. பக்கத்து வயல்காரர்களும் பார்த்து அதையே செய்தார்கள். எல்லா வயலுக்கும் தண்ணீர் வடியும் வாய் அந்தக் கடைமடையில்தான் இருக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

செப்டம்பர் உரம் போட்டுப் பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் இடியோடு நல்ல மழை. மறுநாள் காலையில் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வயலுக்குப் போனேன். கையில் கேளம்பாக்கத்தில் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய சோதனைப் பெட்டி. தொட்டித் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று பார்க்கிற சாமான். கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, இரண்டு புட்டி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஐந்து நிமிஷம் காத்திருந்தால் நிறம் சொல்லும். மஞ்சள் என்றால் நல்ல தண்ணீர். ஆரஞ்சு என்றால் சுமார். சிவப்பு என்றால் உரம் கரைந்து ஓடுகிறது என்று அர்த்தம்.

எங்கள் வயல் வாயில் பிடித்தேன். மஞ்சள். அழகான எலுமிச்சை மஞ்சள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, என்னமோ பெரிசாகப் பேசினாயே, வந்து பாருடா என் தண்ணீரை என்று அவனைப் பேசவிடாமல் பத்து நிமிஷம் வறுத்தெடுத்தேன். போனை வைத்துவிட்டு, குழாயைக் கழுவும்போதுதான் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்தேன். இரண்டாவது புட்டியை அரை நிமிஷம் பலமாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் உறைந்த மருந்து கலக்காமல் மஞ்சளாகவே காட்டும் என்று போட்டிருந்தது.

குலுக்கினேன். கை வலிக்கக் குலுக்கினேன். திரும்பவும் தண்ணீர் பிடித்தேன். மூன்றாவது நிமிஷத்திலேயே ஆரஞ்சு தாண்டிவிட்டது. ஐந்தாவது நிமிஷத்தில் குங்குமத்தைக் கரைத்த மாதிரி சிவப்பு. என் முகத்தில் ஈயாடவில்லை.

அப்படியும் மனசு ஒப்புமா? வடிகால் ஓடையோடே நடந்தேன். அந்த ஓடையில் எங்களையும் சேர்த்து ஏழு வயல் வடிகிறது. முழங்கால் சேற்றில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வாயிலும் பிடித்தேன். எங்களுக்கு மேலே ஓடைத் தண்ணீர் வெளிர் ஆரஞ்சு. எங்கள் வயல் வாய் தாண்டியதும் சிவப்பு. ஓடை ஆற்றோடு கலந்து கடலில் சேருகிற முகத்துவாரம் வரை ஆரஞ்சுக்குக் குறையவே இல்லை. பயமும் வெட்கமும் ஒரு பக்கம். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குள் ஒரு பரபரப்பு ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நிறமாகி என் கையில் நிற்கிறது. திருடன் கையும் களவுமாக மாட்டிவிட்டான், அந்தத் திருடன் நானேதான். ஓடையோரத்தில் தனியாக நின்று சிரித்தேன், பிறகு அழுதேன்.

தம்பிக்குத் திரும்பப் போன் செய்தேன். அந்தப் போனைச் செய்வதற்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. தப்பு என்னுடையதுதான், நான் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவன் சோறு சாப்பிட்டாயா என்று கேட்டான்.

என் வீட்டுக்காரர் குழாயை வெயிலில் தூக்கிப் பார்த்தார். பாதி மூட்டை வீட்டுக்கு வரக்கூடாது என்று சொன்னது நீதானே என்று சாந்தமாகக் கேட்டார். உரத்தைக் குறைத்தால் கரும்பு எடை குறையும் என்பது அவர் பயம், அதில் நியாயமும் இருந்தது. குறைக்க வேண்டாம், ஓடாமல் வையுங்கள் என்பது என் வாதம். யோசிக்கலாம் என்று எழுந்து மோட்டார் ரூமுக்குப் போனார்.

அவரை அசைத்தது என் பேச்சு இல்லை. பக்கத்து வயல்காரர். அவர் என்னைப் பார்த்து, டீச்சரம்மா சாக்கடையில் டெஸ்ட் எடுக்குது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர். ஆபீஸில் வேலை பார்க்கிறவளை டீச்சர் என்பதே கேலிதான். இரண்டு நாள் கழித்து அவரே வந்து வரப்பில் நின்றார். சுற்றி வளைத்து ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார். “சரிம்மா, எங்க தண்ணி இன்னா கலரு?”

பிடித்துக் காட்டினேன். ஆரஞ்சு. எங்களுடைய சிவப்புக் குழாயைப் பக்கத்தில் வைத்தேன். மனுஷனுக்கு வந்ததே ஒரு பெருமை. என் வீட்டுக்காரர் காதுபட, உங்க வயல் உரம் பூரா கடலுக்குச் சாப்பாடு போடுது அண்ணாத்த, என் வயல் உரம் என் கரும்புலயே கீது என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். இருபது வருஷம் அந்த வயலில் யார் கரும்பு உயரம் என்று போட்டி போட்டவர் என் புருஷன். அன்று சாயங்காலமே, இனி உரத்தைக் குழி போட்டுப் புதைப்பது என்று கடப்பாரையைத் தேடினார்.

பிறகு அந்த ஓடையில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்காது. மற்ற ஆறு வயல்காரர்களும் என்னைத் தேடி வந்தார்கள். எல்லாருக்கும் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, தன் குழாய் பக்கத்து வயல்காரன் குழாயைவிடச் சிவப்பா இல்லையா. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் தன் குழாயில் மினரல் வாட்டர் ஊற்றிக் கொடுத்து என்னை ஏமாற்றப் பார்த்தார். பளிச்சென்று வந்த மஞ்சளைப் பார்த்து நானே ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் அவர் சட்டைப் பையில் பாட்டில் மூடி இருந்தது. விட்டேனா நான் அவரை.

உரக்கடை பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முக்கியமாகப் பாதி மூட்டை விஷயத்தை. அவர் வியாபாரத்தில் கை வைக்கிறேன் என்று கோபப்படுவார் என நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. “வாய்க்கால்ல கொட்டறதுக்காம்மா நான் லைன்ல நிக்க வச்சி மூட்டை குடுக்கறேன்?” என்றார். அவர் கிடங்கு தரை உயர்த்திக் கட்டியது, காய்ந்த இடம். பிரித்த மூட்டையை வாய் கட்டிக் கொண்டுவந்து அங்கே போட்டுவிட்டு, அடுத்த தடவை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதோடு நிற்கவில்லை. கடை வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டார்: மழை அறிவிப்பு உள்ள நாளில் யூரியா கிடையாது. அந்த அக்டோபரில் அதற்காக அவர் வாங்கின ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை.

அக்டோபர் உரத்தை நாங்கள் விசிறவில்லை. வானம் தெளிந்து நாலு நாளைக்கு மழை இல்லை என்று போன் சொன்ன ஒரு காலையில் ஏழு வயலிலும் ஒரே நேரத்தில் இறங்கினோம். தூருக்குப் பக்கத்தில் கடப்பாரையால் ஒரு குழி, குழியில் ஒரு பிடி, காலால் மண்ணைத் தள்ளி மூடு. குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிந்தது. கூலிக்கு வந்த பெண்கள், இத்தனை வருஷம் வீசின உரத்தை இப்போது புதைக்கச் சொல்கிறாளே என்று என்னைக் கிண்டலடித்தே வேலையை முடித்தார்கள். கடைமடையில் வரப்பை உயர்த்தி, வாயில் ஒரு பள்ளம் வெட்டி, ஓடையோரம் புல் வெட்டாமல் விட்டோம். மூன்றாம் நாள் மேகம் கூடியது. அவசரம் அவசரமாகக் கடைசி வரிசையை மூடிக்கொண்டிருந்தபோது முதல் தூறல் விழுந்தது. ஒரு பிடி யூரியாகூட வெளியில் இல்லை.

பிறகு வந்த மழை சாதாரண மழை இல்லை. ஆறு நாள் நின்று பெய்தது. ஏழாம் நாள் குடை பிடித்துக்கொண்டு ஏழு பேரும் ஓடைக்கு வந்துவிட்டார்கள், நான் வரும் முன்னாலேயே. புட்டியைக் குலுக்கினேனா என்று என்னையே கேட்டார்கள். குழாய்களை வரிசையாக ஒரு பலகையில் நிறுத்தினேன். ஐந்து மஞ்சள், இரண்டு வெளிர் ஆரஞ்சு. எங்களுடையது மஞ்சள். என் வீட்டுக்காரர் பக்கத்து வயல்காரரைப் பார்க்காத மாதிரி பார்த்தார். அவருடையது அந்த இரண்டில் ஒன்று. நான் மழையில் நனைந்துகொண்டு கைதட்டினேன். இருக்கட்டும், யார் என்ன நினைத்தால் என்ன.

பிறகு வெட்டியபோது கரும்பு எடை குறையவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லையே. ஓடைகள் எத்தனையோ, கடலுக்கு நோவு எத்தனையோ. ஏழு வயல் தண்ணீர் மஞ்சளாக ஓடினால் கடலுக்கு அடியில் ஏதாவது மாறுமா என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை. தை முடிந்தது. மாசி பிறந்தது. தம்பியின் பாஸ்போர்ட்டை அவன் மனைவி புதுப்பித்து வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அவன் இறங்குகிற அன்றைக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். எங்கள் குப்பத்தில் பெண்கள் படகேறும் வழக்கம் இல்லை. கரையில் நின்று மீனை வாங்கி விற்பதோடு சரி. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தம்பி காதில் வாங்கவில்லை, கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். படகில் அவனும் நானும், ஓட்டுகிற இரண்டு பேரும். மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் சுண்டுவிரல் அளவுக்குப் போனதும் பார் வந்துவிட்டது என்று நிறுத்தினார்கள். நங்கூரத்தை இறக்கினார்கள். அவன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான்.

குமிழி வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாந்தி வந்தது, அடக்கிக்கொண்டேன். இல்லாத சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். பச்சையாகவே இருந்தால் அவனிடம் என்ன சொல்வது என்று நாலு விதமாக யோசித்தேன், ஒன்றும் தேறவில்லை.

தண்ணீரைப் பிளந்துகொண்டு தலை வந்தது. கண்ணாடியைக் கழற்றினான். முகம் சிவந்து, பயங்கரக் கோபம். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

“எவன்டா நங்கூரத்த இங்க போட்டது?” என்று படகுக்காரனைப் பார்த்துக் கத்தினான். “தூக்குடா மேல. ஒரு கை தள்ளி வுழுந்திருந்தா பவளத்து மேலயே வுழுந்திருக்கும். பாசி பாதிக்கு மேல பூட்ச்சிடா. பெரிய பவளம் மூணும் உசுரோட கீது, ஓரம் ஃபுல்லா புதுசா வளந்து வெள்ளக் கரை கட்டிகினு கீது.”

படகுக்காரன் விழித்தான். தம்பி படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கினான். கோபம் தீரவில்லை. “நாளைக்கி இங்க மெதவை கட்டணும். இனிமே எந்த போட்டும் அந்த மெதவைலதான் கட்டணும். வருஷம் பூரா நான் இங்கதான் கீறேன், எவன் நங்கூரம் போடறான்னு பாக்கறேன்.”

வருஷம் பூரா என்றான். சரியாகத்தான் கேட்டேனா என்று அவனிடம் திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் அவன் என்னைப் பார்த்து, ஏன்கா பார்த்துகினு குந்திகினு கீறே, அவனுக்கு ஒரு கை குடு என்று அதட்டினான். நான் எழுந்து போய், உப்புத் தண்ணீர் சொட்டுகிற அந்தக் கயிற்றைப் படகுக்காரனோடு சேர்ந்து பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.